ஒளிமின்கலப் பெட்டியைத் திறந்த தணிகாசலம்

விழுப்புரத்தில் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோது, தணிகாசலம் காலமான செய்தி கைப்பேசி அழைப்பில் வந்தது. கேட்க முடிந்தது, பதில் பேச முடியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் அவரிடம் எனக்குப் பெரும்பாலும் அந்த நிலைதான்.

திண்டிவனத்தில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வக உதவியாளர் அவர். நான் பேராசிரியர். எங்கள் இருவரிடமும் படித்தவர்களுக்கு, யாரிடம் இயற்பியல் கற்றோம் என்பதில் குழப்பம் இருக்காது.

சில உலோகங்களின் மேல் ஊதா ஒளி மங்கலாக விழுந்தாலும் எலக்ட்ரான் உடனே வெளியேறும். சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டினாலும் வெளியேறாது. ஏன் என்று ஒருநாள் கரும்பலகையை இரண்டு முறை நிரப்பி விளக்கினேன். வகுப்பு நிம்மதியாகத் தூங்கியது. பின்னால் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த தணிகாசலம் சொன்னார்: “நூறு பேரு தடவிக் குடுத்தா மல்லாட்டை உடையுமா சார்? ஒத்த ஆளு நறுக்குனு அழுத்தணும். வெளிச்சத்துல ஒவ்வொரு போட்டானும் தனித்தனி ஆளு. செவப்பு தடவுது, ஊதா அழுத்துது. அவ்ளோதான்.” மறு ஆண்டு முதல் என் பாடக்குறிப்பில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை இடம்பெற்றது. அவர் பெயர் இடம்பெறவில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒளிமின்கலச் சோதனையில் வரவேண்டிய விடை பாடநூலிலேயே இருப்பதால், மாணவர்கள் விடையிலிருந்து அளவீடுகளுக்குப் பின்னோக்கி நடப்பார்கள். வரைபடம் நூல் பிடித்தது போல் நேராக வரும். நான் கையெழுத்திடுவேன்.

ஓர் ஆண்டு செய்முறைத் தேர்வில், கிளியனூரிலிருந்து வந்த செல்வி என்ற மாணவி மட்டும், ‘எந்த நிற வடிகட்டியை வைத்தாலும் மின்னோட்டம் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

“ரீடிங்கே இல்லாம எப்படிம்மா மார்க் போடறது? மத்தவங்களுக்கெல்லாம் வந்திருக்கே?” என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அவள் தோற்றால் ஒரு வருடம் போய்விடும். என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் வந்து பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒளிமின்கலமே இல்லை.

“செல்லு செத்துப்போச்சுனு பொங்கலுக்கு முன்னாடியே கழட்டிட்டேன் சார். புதுசு கேட்டு எழுதியும் குடுத்துட்டேன். இந்தப் பொண்ணு எழுதினதுதான் கரெக்டு.”

“அப்போ மத்தவங்க ரீடிங்?”

“கையெழுத்து போட்டவங்களக் கேளுங்க!” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

“நான்தான் போட்டேன்” என்றேன். புதிய மின்கலம் கேட்ட கடிதத்திலும் என் கையெழுத்து இருந்தது. படித்திருக்கவில்லை.

அப்போதே பேருந்தேறி விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மின்கலத்தை இரவல் வாங்கி, கறுப்புத் துணி சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். “துணி எதுக்குய்யா?” என்றேன். “வெளிச்சம் பட்டா வேலைய ஆரம்பிச்சிடும் சார். அதுக்கு நம்மள மாதிரி மணி அடிக்கத் தேவையில்ல.” பிற்பகலில் எல்லோரும் மறுபடி சோதனை செய்தார்கள். ஒருவர் வரைபடமும் நேராக இல்லை. தேர்வாளர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து மதிப்பெண் போட்டார். செல்வி தேறினாள்.

நேற்று கல்லூரியிலிருந்து இரங்கல் தீர்மானத்தை என் கையெழுத்துக்காக அனுப்பியிருந்தார்கள். ‘ஒருபோதும் சினம் கொள்ளாதவர்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘ஒருமுறை சினந்தார், நியாயமாக’ என்று எழுதினேன். தீர்மானத்தை முழுதாக இரண்டு முறை படித்தேன். இந்தப் பழக்கம் அவர் எனக்கு விட்டுச்சென்றது. பிறகு கையெழுத்திட்டேன்.