எதுவும் கொடுக்காத தட்டு

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனி, இன்னொரு பக்கம் பெயின்ட் கம்பெனி, நடுவில் நாங்கள். வெளியே லாரிச் சத்தமும் புகையும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குச் சூடு பார்த்து, சாப்பாடு மாற்றி, பிள்ளை மாதிரி வளர்க்கும் வேலை. இப்படி ஒரு வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் எங்கள் தெருவில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியிலிருந்து சேதி வரும். செல்லின் மேலே இருக்கும் புரதம் அதை வாங்கி அடுத்த புரதத்திடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும், கடைசியில் சேதி உட்கருவுக்குப் போகும். நரம்பு செல்லுக்கும் புற்றுநோய் செல்லுக்கும் இந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். நான் வளர்த்தது ஒரு கட்டியிலிருந்து எடுத்த செல். சேதி சட்டென்று வந்து அடங்கினால் அது இரண்டாகப் பிரிந்து பெருகும். அதே சேதி விடாமல் நீடித்தால் பெருகுவதை நிறுத்திவிட்டு, நரம்பு மாதிரி நீளமாகக் கிளை விடும். அப்படி நீடிக்கச் செய்யும் மருந்து கிடைக்குமா என்று தேடுவதுதான் என் வேலை.

அதற்கு முதலில் செல்லை அமைதியாக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே சத்தில்லாத திரவத்தில் விட்டுவிட்டு வருவோம். பட்டினி போடுவது என்றுதான் கூடத்தில் பேச்சு. மறுநாள் காலையில் ஒரு தட்டுக்கு மருந்து கொடுப்பேன், இன்னொரு தட்டுக்கு எதுவும் கொடுக்க மாட்டேன். அந்த எதுவும் கொடுக்காத தட்டை வைத்துத்தான் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று சொல்ல முடியும். பரிசோதனை முடிவில் ஒரு படம் எடுப்போம்; சேதி இருந்தால் அதில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும், இல்லாவிட்டால் வெறுமையாக இருக்கும்.

என் தொல்லை என்னவென்றால், எதுவும் கொடுக்காத தட்டிலும் பட்டை வந்தது. எல்லா நாளும் வந்திருந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். சில நாள் துடைத்த மாதிரி சுத்தமாக இருக்கும், பல நாள் கரி பூசின மாதிரி வரும். இரண்டு மாதம் இப்படியே போனது. எங்கள் தலைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் கூடத்தில் செல்லுக்கான திரவம் வைக்கும் கண்ணாடி பாட்டில்களைக் கழுவ ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புதுவாயலில் வீடு. அப்பா அம்மா இரண்டு பேரும் கழனி வேலைக்குப் போனவர்கள். இவர் பத்து வருடம் கெமிக்கல் கம்பெனியில் டிரம் கழுவிவிட்டு, கான்ட்ராக்ட் ஆளாக எங்களிடம் வந்தவர். சோப்பு போட்டுத் தேய்த்தபின் குழாய்த் தண்ணீரில் ஏழு முறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் செல்லுக்கு ஆகாது.

ஒரு நாள் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே கழுவுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கை தப்புகிறது, சோப்பு தங்குகிறது, என் செல் கெடுகிறது. என் கையில் தப்பு இருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய கை அல்லவா!

தலைவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நல்லபடி வந்த தேதிகள் ஒரு பக்கம், கெட்டுப்போன தேதிகள் ஒரு பக்கம், அழகாகக் கட்டம் போட்டு ஒரு முழுப் பக்கம். பாட்டில் கழுவுவதில் கவனக்குறைவுதான் காரணம் என்று கீழே ஒரு வரி. இரண்டே நாளில் கான்ட்ராக்ட் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஆள் அனுப்புகிறார்களாம். உள்ளதைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்கா கடைசியாக வேலைக்கு வர வேண்டிய வாரத்தில் ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் நான் எழுதிய பக்கத்தின் நகல், நான்காக மடித்து.

"சூப்பர்வைசர் குடுத்தாரு மேடம். எம் பொண்ணு ஊட்ல படிச்சி சொல்லிச்சி. ஒண்ணு கேக்கலாமா?"

நான் தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றேன்.

"நான் பாட்டில மொத்தமா திங்கக்கெழமதான் கய்வுறேன். அத்தத்தான் வாரம் பூரா எடுக்குறீங்க. செவ்வாக்கெழம கெட்டுப்போச்சின்னு எய்திக்கீறீங்க. அதே வாரம் வியாயக்கெழம நல்லா வந்துச்சின்னும் எய்திக்கீறீங்க. பாட்டிலு ஒண்ணுதானே மேடம்? சோப்பு செவ்வாக்கெழம மட்டும் இன்னாத்துக்கு வரும்?"

அவர் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. நான் திருவள்ளூர்க்காரி. பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் வந்து, அங்கே பஸ் மாற வேண்டும். அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் முக்கால் மணி நேரம் போய்விடும். அப்படித் தவறவிடும் நாளில் அக்காவுக்கு போன் செய்து, திரவத்தைச் சூடாக்கும் தொட்டியின் சுவிட்சைப் போட்டு வைக்கச் சொல்வேன். அந்த அழைப்புகள் எல்லாம் தேதியோடு அவர் போனில் இருந்தன.

"நல்லா வந்த நாளு அஞ்சு. அஞ்சு நாளும் நீங்க பஸ்ஸ வுட்டுட்டு எனக்கு போன் பண்ணிக்கீறீங்க. லேட்டா வந்தா நல்லா வருது, சீக்கிரம் வந்தா கெட்டுப்பூடுது. சீக்கிரம் வந்தா இன்னா மேடம் பண்ணுவீங்க?"

"செல் எப்படி இருக்குன்னு பாப்பேன்."

"எங்க வெச்சி?"

"வெளிய எடுத்துதான். மைக்ராஸ்கோப்ல."

"ராவெல்லாம் பட்டினி கெடந்தத வெளிய இட்டாந்து ஆட்டி அசக்கிப் பாத்தா, அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் "செரி மேடம்" என்று காகிதத்தைத் திரும்பவும் நான்காக மடித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டது உறைத்தது. செல்லை அதன் சூட்டுப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் குளிரும். தட்டைத் தூக்கினால் திரவம் அலம்பும். இரண்டுமே அதே சேதியைக் கிளப்பிவிடக்கூடும். இது நான் படிக்காத விஷயம் இல்லை, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். சீக்கிரம் வந்த நாளெல்லாம் தவிப்புத் தாங்காமல் எதுவும் கொடுக்காத தட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். லேட்டாக வந்தால் பார்க்க நேரம் இருக்காது, நேராக வேலையைத் தொடங்கிவிடுவேன். என் அப்பா கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும்வரை பொங்கலை ருசி பார்க்கவும் மாட்டார், மோந்து பார்க்கவும் மாட்டார். அவர் பெண்ணுக்கு ஒரு பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் இருக்கத் தெரியவில்லை.

அடுத்த வாய்ப்பிலேயே நான்கு தட்டு வைத்தேன். எதிலும் மருந்து இல்லை. இரண்டு தட்டுக்கு அக்கா கழுவிய பாட்டிலிலிருந்து திரவம், இரண்டுக்குப் புதிதாக உறை பிரித்த பாட்டிலிலிருந்து. இரண்டு வகையிலும் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தேன், மற்றதைத் தொடவில்லை. முடிவு வந்தபோது, நான் எடுத்துப் பார்த்த இரண்டிலும் கறுப்புப் பட்டை. தொடாத இரண்டும் சுத்தம். எந்தப் பாட்டில் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

அன்றைக்கு இரண்டாம் தேதி. அக்கா நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

உடனே போய் எல்லாவற்றையும் சரி செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. மறுநாள் காலை புதுவாயலில் பஸ் நின்றபோது அக்கா சாலையோரம் புதுச் சீருடையில் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தார். அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் சேர்ந்துவிட்டார், நாள் முழுக்க நின்றபடி வேலை என்று பிறகு தெரிந்தது. எங்கே என்னைப் பார்த்துவிடப் போகிறாரோ என்று துப்பட்டாவை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் முகமே எனக்குப் பிடிக்கவில்லை. நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"இன்னா மேடம், இன்னிக்கும் பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்று சிரித்தார்.

நான்கு தட்டுக் கதையைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் கய்வுனது சுத்தம்தானே?"

"சுத்தம்க்கா. புது பாட்டில் மாதிரி."

"அத்த எய்திக் குடுங்க. எய்தித்தானே அனுப்புனீங்க? நான் வாயால சொல்லிக்கினு இருந்தா எவன் நம்புவான்?"

அன்று கூடத்தில் உட்கார்ந்து, சில காரணங்களால், மறுபரிசீலனையில் என்றெல்லாம் பூசி மெழுகி மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில், தவறு என்னுடையது, அவர் கழுவியதில் குறை இல்லை என்று நேராக எழுதி, முதல் கடிதம் போன அத்தனை பேருக்கும் அனுப்பினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அன்னிக்கு அவ்வளவு உறுதியா எழுதினியேம்மா" என்று மட்டும் சொன்னார். புதிதாக வந்த ஆளை வேறு இடத்துக்கு அனுப்பி அக்காவைத் திரும்ப எடுக்கச் சொல்லி, கான்ட்ராக்ட் கம்பெனிக்கு நான் நடையாய் நடந்தேன். என் புகாருக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. அதைத் திருப்ப ஐந்து வாரம் ஆனது.

திரும்பி வந்த முதல் நாள் அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார், "இனிமே எதுனா தப்புன்னா மொதல்ல என்னாண்ட கேளுங்க மேடம். அப்பால எய்துங்க." பிறகு தன் மகள் கையால் எழுதிய ஒரு தாளைச் செல் வைக்கும் பெட்டியின் கதவில் ஒட்டினார். 'பட்டினியில் இருக்கு, திறக்காதீங்க' என்று அதில் இருக்கிறது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. என் பட்டைகள் இப்போது ஒழுங்காக வருகின்றன.

அந்தத் தாளைத் தினமும் பார்க்கிறேன். எதுவும் கொடுக்காத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் ஒரு மருந்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஒரு மனுஷியைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு முழுப் பக்கம் எழுதிவிட்டேனே என்பது இன்னும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.