மெட்டியும் கேன்வாஸ் ஷூவும்

எழுபதுகளின் நடுவில் ஏழு வாரம் நான் தினமும் ஓடினேன். முதல் நான்கு வாரம் ஓடும்போதெல்லாம் என் கால்விரல்கள் மரத்துப்போயின. அதைப் பற்றி ஒரு டைரி நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அதே ஏழு வாரத்தில், அதே வீட்டில், என் மனைவியின் கால்விரல்களும் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. டைரியில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவள் இறந்தபின் பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. கப்பல் வரும் நாளை எழுதுவதும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதுவதும் என் வேலை. ஹார்பர் பக்கத்து ஆபீஸ்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். அதில் நாற்பது தாண்டியவர்களுக்கென்று ஓர் ஓட்டப் பந்தயம் உண்டு; பார்ப்பவர்கள் சிரிப்பதற்காக வைத்தது. எங்கள் டைப்பிஸ்ட் என்னைப் பார்த்து, "சாரை ஓடச் சொல்லலாந்தான். சார் ஓடுதாரா நிக்காரான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்றார். அன்றைக்கே பெயர் கொடுத்தேன். நிறையப் படித்தவனை வீழ்த்த ஒரு வாக்கியம் போதும்.

என் அளவு எட்டு. கடையில் வெள்ளை கேன்வாஸ் ஷூ ஏழில்தான் இருந்தது. "போடப் போட இளகிரும் சார், மாட்டுத் தோலா, துணிதான" என்றார் கடைக்கார அண்ணாச்சி. நூலகத்தில் உடற்பயிற்சிப் புத்தகங்கள் மூன்றைப் படித்து முடித்திருந்த நான் அண்ணாச்சியை நம்பி வாங்கி வந்தேன்.

விடிந்ததும் பீச் ரோட்டில் ஓடுவேன். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்காரன் ஓடினால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று பஸ். "பஸ்ஸ விட்டுட்டியளோ அண்ணாச்சி?" என்று சைக்கிளில் போகிறவர்கள் கேட்பார்கள். இன்னொன்றை மீன் கூடையோடு எதிரே வரும் ஒரு அம்மா கேட்பார்.

"என்னய்யா இந்த ஓட்டம்? வீட்ல யாருக்கும் சொகமில்லியா?"

"எல்லாரும் சொகந்தாம்மா" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு ஓடுவேன். தினமும் அதே கேள்வி, அதே பதில்.

முதல் வாரத்திலேயே விரல்கள் தொடங்கிவிட்டன. ஓலை வேய்ந்து மூடிய உப்புக் குவியல்களைத் தாண்டும்போது வலது காலின் நடுவிரலில் ஊசி குத்தும். கொஞ்ச தூரத்தில் அது பக்கத்து விரல்களுக்கும் பரவும். திரும்பி வரும்போது ஷூவுக்குள் விரல்களே இருக்காது, ஐந்து புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவது போலிருக்கும். எந்த விரல், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று வந்தவுடன் எழுதுவேன். என் விரல்களைப் போல எழுதப்பட்ட விரல்கள் திருநெல்வேலிச் சீமையில் வேறு இருக்காது.

இரண்டாவது வாரம், நான் எழுதிக்கொண்டிருந்தபோது காபியை வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"எனக்குந்தான் கால் மதமதங்குது. எறும்பு ஊறுத மாதிரி."

"நீ எந்த ரோட்டுல ஓடுத?"

"அடுப்படிக்கும் குழாயடிக்கும்."

"அப்ப போட்டியில உன் பேரையும் குடுத்திருவோம்."

அவள் சிரித்தாள். நான் மறுபடி நடுவிரலுக்குப் போனேன். எனக்கு வந்தது மரத்துப்போதல், புத்தகத்தில் இருந்தது. அவளுக்கு வந்தது மதமதப்பு, பெண்கள் சொல்வது. இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்கவில்லை.

நான்காவது வாரம் என் அக்கா வந்தாள். ஆத்தூரில் வாக்கப்பட்டவள், எப்போதும் போல வெற்றிலைக் கட்டோடு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் கண் என் மனைவியின் காலில் நின்றது.

"ஏளா, வலது கால் மெட்டிய எங்க?"

மனைவி குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வீடெல்லாம் தேடி, கடைசியில் குழாயடிச் சேற்றில் எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எப்ப விழுந்துச்சு?"

"தெரியலையே மதினி."

"விரல்ல கெடந்த ஒண்ணு கழண்டு போறது தெரியாமயா ஒருத்தி நடப்பா?"

சரியான கேள்வி. அதற்கு அக்காவே சொல்லிக்கொண்ட பதில்தான் தப்பு. மெட்டி கழன்று விழுந்தால் புருஷனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புருஷனுக்கோ கால்விரல் மரக்கிறது. அக்காவுக்கு இரண்டும் பொருந்திவிட்டன. "ஏலே தம்பி, இது வெளாட்டில்ல. கெளம்பு டாக்டர்ட்ட" என்றாள். மனைவியும் பயந்துபோய்ச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். விரலில் கிடந்தது விழுந்தது தெரியாத ஒருத்தி வீட்டில் இருக்க, நாங்கள் என் காலைத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, சர்க்கரை பார்க்கச் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தது.

"வீட்ல யாருக்காவது சர்க்கரை உண்டா?"

"காபியில போடுததுதான் சார்."

டாக்டரும் சிரித்தார், கம்பவுண்டரும் சிரித்தார். அந்த நகைச்சுவையின் மதிப்பு எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பிறகு ஷூவைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "விரலுக்கு முன்னால பெருவிரல் அகலம் இடம் வேணும். கயிற லூசாக் கட்டுங்க. ரத்தம் போகவே வழியில்லாம இறுக்கி வச்சிருக்கியளே" என்றார். அன்றைய டைரியில் 'இறுக்கம்தான் காரணம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அதே நாள் சாயங்காலம் அக்கா மெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கல்யாணத்தில் போட்டவன்தான் மறுபடியும் போட வேண்டுமாம். மனைவி கூச்சத்தோடு பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வாய் திறந்த வெள்ளி வளையம். இரண்டாம் விரலில் ஏற்றி, இரு முனையையும் சேர்த்து அழுத்தினேன்.

"இன்னும் இறுக்குலே. மறுபடி விழுந்தா உனக்குத்தான் ஆகாது."

இன்னும் அழுத்தினேன். விரலின் சதை இரண்டு பக்கமும் பிதுங்கியது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"வலிக்கா?"

"ஒண்ணும் தெரியல" என்றாள்.

"எட்டாங் கிளாஸோட நிறுத்தினா அப்படித்தான், ஒண்ணும் தெரியாது" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

அடுத்த நாள் எட்டாம் நம்பர் ஷூ வாங்கினேன். கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். நான்கே நாளில் என் விரல்கள் எனக்குத் திரும்பி வந்தன.

ஒருநாள் குழாயடியில் அவள் மெட்டியைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "வெள்ளி கறுத்து விரல்ல எல்லாம் கறை பிடிச்சிருக்கு, போக மாட்டேங்குது" என்றாள். வெள்ளி கறுக்கும், படித்திருக்கிறேன். ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

பந்தயம் கடற்கரை மணலை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. நாலு பேர் ஓடினோம். மூன்றாவதாக வந்தேன். நாலாவது ஆள் பாதியில் வேட்டி அவிழ்ந்து நின்றுவிட்டார். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியெல்லாம் நான் என் ஓட்டத்தைப் பற்றிப் பேசினேன்.

வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டபோது சிமெண்டுத் தரையில் வரிசையாக ரத்தத் திட்டுகள். அவள் பதறிப்போனாள்.

"உங்க காலக் காட்டுங்க."

என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். பத்து விரலும் நன்றாக இருந்தன. "பின்ன எங்கேருந்து வருது?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் உள்ளங்காலில் முத்துச்சிப்பி ஓட்டின் ஒரு துண்டு ஏறியிருந்தது. மைதானத்திலிருந்து வீடு வரை அதோடு நடந்து வந்திருக்கிறாள். இந்தக் கரையின் சிப்பிக்குள் முத்தெடுத்தவர்கள் உண்டு. அன்றைக்கு அது எனக்குக் காட்டிக்கொடுத்தது வேறு. சிப்பியைப் பிடுங்கக் குனிந்தபோதுதான் அந்த விரலைப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. கறை வெள்ளியுடையது இல்லை.

பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர் அதே நீல மருந்தில் காய்ச்சினார். அவளுடையது செங்கல் நிறத்துக்கு வந்தது. எத்தனை வருஷமாகச் சர்க்கரை இருக்கிறதோ என்றார். மெட்டியை வெட்டி எடுத்தார்கள். பிறகு விரலை. பிறகு கணுக்கால் வரை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு, "நல்ல வேளை, உங்க காலுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். உண்மையான சந்தோஷம் அது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "உனக்கு வந்தத அவ வாங்கிக்கிட்டாளே" என்று அழுதாள். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்தது ஒரு நம்பர் சின்ன ஷூ. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

குளிப்பாட்டியபின் அவளுக்கு மெட்டி போட வேண்டும் என்றார்கள். ஒரு கால்தான் இருந்தது. மெட்டியைப் போட்டேன். "நல்லா இறுக்கு" என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. நானும் இறுக்கவில்லை.

இப்போது ஆபீஸில் புதிதாக வந்தவர்கள் ஓடுகிறார்கள். கால்விரல் மரக்கிறது என்று யாராவது சொன்னால், பழைய ஓட்டக்காரன் என்று டைப்பிஸ்ட் என்னிடம் அனுப்பி வைப்பார். ஒரு நம்பர் பெரிய ஷூ வாங்குங்கள், கயிற்றைத் தளர்த்திக் கட்டுங்கள், சரியாகிவிடும் என்பேன். சரியாகியும் விடும். அதோடு ஒன்று கேட்பேன்.

"வீட்ல யாருக்கும் சொகமில்லியா? அவங்க காலப் பாத்தியளா?"

சிரிப்பார்கள். நான் எது சொன்னாலும் சிரிப்பது ஆபீஸில் பழக்கமாகிவிட்டது, அதற்கு நானேதான் பொறுப்பு. சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, இன்னொரு தடவை கேட்கிறேன்.