விரல் போனது எந்த இடத்தில்

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா எடுத்த சினிமாப் படத்தைப் பற்றி வேறு யாராவது வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிற ரிக் வண்டியில் நான் டிரில்லர். லீவர் பிடிக்கிற வேலை என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்ரஷர் ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் கைதான் பேச்சு. முஷ்டி காட்டினால் நிறுத்த வேண்டும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் துளை போடும் இரும்பு ராடை இறக்க வேண்டும். எடப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ராடு மாட்டிக்கொண்டிருந்தவர், முகத்தில் அப்பிய கல்தூளை வழித்துக் கீழே உதறினார். இறக்கச் சொல்கிறார் என்று நினைத்து நான் லீவரை அழுத்திவிட்டேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று.

முதலாளியிடம், "ராடு வழுக்கிருச்சுங்க" என்றேன். அடிபட்டவரும் மறுத்துப் பேசவில்லை. உங்கள் சித்தப்பாவிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் படப்பிடிப்புக்கு எங்கள் வண்டியே போயிற்று. படம் ரிக் ஆட்களைப் பற்றியதுதானே. அடிபட்டவர் கைக்கட்டோடு வேடிக்கை பார்க்க வந்தார். கதாநாயகனோடு, வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

படம் வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் போட்டோ போனுக்குப் போன் பறந்தது. படப்பிடிப்பில் கூலியாளுக்குக் கை போய்விட்டது, இயக்குநர் மறைத்துவிட்டார் என்று கீழே எழுதியிருந்தார்கள். கைகூடப் போகவில்லை, விரல் நுனிதான் என்று சொல்லவும் ஆளில்லை. படம் போட ஒத்துக்கொண்டிருந்த ராசிபுரத்துத் தியேட்டர்க்காரர் சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, நெசமுங்களா? போஸ்டர்ல சாணி அடிக்கறானுங்க. நாளைக்குப் பொழுதுக்குள்ள ஒரு பதிலச் சொல்லிப்போடுங்க. இல்லைன்னா நான் வேற படம் ஓட்டிக்கறேன்."

சித்தப்பா நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "படம் நல்லா இல்லைன்னு திட்டுனா திட்டட்டும்ணா. ஒருத்தனுக்குப் பதில் சொன்னா பத்துப் பேரு வருவான்." அன்றைக்கு அதே வார்த்தையை நான் அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். பேசாமல் இரு, தானாக அடங்கிவிடும் என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். விரல் எங்கே போனது என்று ஒரு வரி எழுதினால் படம் தப்பிக்கும். எனக்காகத்தான் அவன் எழுதவில்லை.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "வண்டில நாளெல்லாம் கையாட்டறீங்க. ஊட்டுல ஒரு நா வாயத் தொறந்தா என்னங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு வழி தோன்றியது. அடிபட்டவரே வீடியோவில் வந்து, வேறு இடத்தில் ராடு வழுக்கிவிட்டது என்று சொல்லட்டும். படமும் தப்பும், நானும் தப்பிப்பேன். சித்தப்பா வேண்டாம் என்றான். நான்தான் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அடிபட்டவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா போனைப் பிடித்ததும் சிரித்தார்.

"டைரக்டரு சார், எந்தக் கையக் காட்டோணும்? நல்ல கையா, நட்சத்திரக் கையா?"

என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"மாமா, ஆஸ்பத்திரில கேட்டப்ப உங்களுக்காக அப்படித்தான் சொன்னேன். அது நாலு பேருக்குள்ள. இத என்ற புள்ளையும் பாக்கும். அப்பனுக்குக் கவனம் பத்தலைன்னு நெனைக்கும். இத்தன வருசமா ராடு மாட்டறேன், ஒரு நா வழுக்க உட்டிருக்கறனா?" தட்டைத் தள்ளி வைத்தார். "என்ற கைய வெச்சு ஊரே பேசுது. எங்கிட்ட ஒருத்தனும் கேக்கல. நீங்களும் கேக்கல."

சித்தப்பா போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். "படம் போனாப் போவுது, வாங்ணா" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. ஒருவன் படத்தைக் கொடுத்துவிட்டான். இன்னொருவன் விரலைக் கொடுத்துவிட்டான். லீவர் மட்டும் என்னிடம் பத்திரமாக இருந்தது.

"போன எடு. நான் சொல்றத எழுது" என்றேன். பிறகு அவரைக் கேட்டேன். "உன்ற பேரப் போடட்டுமா, மாப்ளே?"

"பேரும் வேண்டாம், மூஞ்சியும் வேண்டாம். நடந்தத மட்டும் எழுதிக்கோங்க."

படப்பிடிப்புக்கு முந்தின வாரம், வேறு தோட்டத்தில், லீவர் பிடித்த என் தவறால் நடந்தது என்று என் பெயரோடு எழுதினோம். நாலே வரி. சித்தப்பா இரண்டு தடவை "அனுப்பட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். மூன்றாவது தடவை கேட்பதற்குள் நானே தொட்டுவிட்டேன்.

அண்ணனை மாட்டிவிட்டு இயக்குநர் தப்பிக்கிறான் என்று அதற்குக் கீழே உடனே ஒருவன் எழுதினான். சித்தப்பாவுக்கு முகம் சிவந்தது. அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தான். நான் கையைப் பிடித்தேன். "இவனுக்கு வேண்டாம். கை போச்சான்னு கேட்டாங்க, சொல்லியாச்சு. உன்னையப் புடிக்கலைங்கறவனுக்கு என்ன சொன்னாலும் புடிக்காது."

தியேட்டர்க்காரர் போனில், "இது போதுமுங்க, படம் போடறேன்" என்றார். சித்தப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குள் என் போன் அடித்தது. முதலாளி. எடுத்தேன்.

"ஏப்பா, போன்ல ஏதோ போட்டிருக்கறயாமா. நெசமா?"

"நெசமுங்க. நாந்தானுங்க இறக்குனேன்."

"அப்ப அன்னிக்கு எங்கிட்டச் சொன்னது?"

"பொய்யுங்க" என்றேன்.