செம்பில் வெட்டிய பெயர்

எங்கள் பூசையறையில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. கழுத்தில் புள்ளி புள்ளியாக 'ஐரின்' என்று வெட்டியிருக்கும். என் மகளின் காதுகுத்துக்கு வந்த சீர் அது. மாரியம்மன் படத்துக்கு முன்னால் இந்தப் பெயரா என்று கேட்காதவர்கள் குறைவு.

மகள் பிறந்தபோது அழவில்லை. நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி. நர்ஸம்மா அவள் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். வெளியில் நின்ற நான், "ஆத்தா, இந்த உயிரை யார் மீட்டுக் கொடுக்கிறாங்களோ அவங்க பேரையே வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். குழந்தை அழுதது. பிறகுதான் நர்ஸம்மாவின் பெயரைக் கேட்டேன். "ஐரினுங்க. கிரேக்கப் பேராம், சமாதானம்னு அர்த்தம்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார். சாமிக்குச் சொன்ன சொல்லாயிற்றே, அதையே வைத்தோம்.

கல்யாணம் கூடி வந்தபோது சம்பந்தியம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏனுங்க சம்பந்தி, பத்திரிகையப் பாத்தா கல்யாணம் கோயில்லயா சர்ச்சுலயான்னு கேப்பாங்கல்லங்க? ஊட்டுக்கு வார புள்ளைக்கு நம்ம பேரா ஒண்ணு வெச்சுக்கலாமுங்க."

செவ்வாய்ப்பேட்டையில் சீர்ப் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு, கடைக்காரர் என்ன பெயர் வெட்டுவது என்றார். பெண்ணின் வாழ்வு ஒரு பக்கம், ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அப்படியே பஸ் ஏறி நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "சமாதானம்னு பேர வெச்சுக்கிட்டு அதுக்கே சண்டை போடுவீங்களா சாமி? சாந்தின்னு வெட்டுங்க. அதே அர்த்தந்தான். ஆத்தா ஒத்துக்குவா."

அப்படியே வெட்டினோம். ஐரின் என்றிருந்த இந்தச் செம்பை மட்டும் சீரோடு அனுப்ப மனம் வரவில்லை. மகள் அங்கே சாந்தியானாள். என் மனசு மட்டும் ஆறவில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆத்தா முன்னால் தலை குனிந்தே நின்றேன்.

போன வருடம் நர்ஸம்மா காலமானார். கல்லறைத் தோட்டத்துக்கு மகளும் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார்கள். நர்ஸம்மா வீட்டு மனிதர் ஒருவர், "நீங்க யாருங்க?" என்று மகளைக் கேட்டார்.

"என் பேரும் ஐரின்தானுங்க. அவங்க ஊதுன மூச்சுங்க எனக்கு" என்றாள்.

சம்பந்தியம்மா அவளை ஒருமுறை பார்த்தார். குனிந்து, குழியில் போட ஒரு பிடி மண்ணை அள்ளி மகளின் கையில் வைத்தார்.

புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் செம்பில் எழுத்து மங்கிவிட்டது. போன வாரம் செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துப் போய், அதே புள்ளிகளின் மேல் மறுபடி வெட்டி வாங்கி வந்தேன். இன்று காலை அதில்தான் ஆத்தாளுக்குத் தண்ணீர் வைத்தேன்.