நாக்குக்கு வேலை இல்லாத பேக்கரி

பேக்கரி மாஸ்டர் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முதலில் மூக்கை விரித்து ஆசையாக ஒரு இழுப்பு இழுப்பார். வெண்ணிலா வாசம். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அதே ஆள் கைக்குட்டையைத் தேடுவார். மூன்றாவது நிறுத்தத்தில் எழுந்து கம்பியைப் பிடித்து நிற்கப் போய்விடுவார். இதை எழுதுகிறவன் அவரைச் சந்தித்ததும் அப்படியொரு இருக்கையில்தான். சாணியை வெறுங்கையால் அள்ளி வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவனுக்கு அத்தனை லேசில் குமட்டிவிடாது. நகராமல் உட்கார்ந்திருந்தான். "என்ன தம்பி, இன்னும் எந்திரிக்கலையா?" என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

மாஸ்டருக்கு இனிப்பு ஆகாது. சர்க்கரை வியாதியெல்லாம் இல்லை, வெறும் அருவருப்பு. வருஷக்கணக்காக அடுப்புக்கு முன்னால் நின்றதில் சர்க்கரையும் வனஸ்பதியும் அவர் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டன. கழுத்து வியர்வையைத் துடைத்தால் துண்டு பிசுபிசுக்கும். அந்தத் துண்டைக் கொடியில் போட்டால் எறும்பு வரிசை கட்டும். "செத்தா என்னைப் புதைக்க வேணாம், எறும்பே தூக்கிட்டுப் போயிரும்" என்பார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் நாக்கில் நாலு கல் உப்பை வைத்துக்கொண்டால்தான் அவருக்கு வயிறு அடங்கும்.

அவர் மட்டுமல்ல, அந்த அடுப்படியில் யாருமே இனிப்பைத் தொடுவதில்லை. மாவு பிசையும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஒட்டடைக்கு (ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி) மாவில் முட்டை வாசம் ஏறினாலே ஓங்கரிக்கும். டின்னில் அடைக்கும் அக்கா மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டுதான் உட்காருவாள். பிஸ்கட் வெந்ததா என்று கண்ணால் பார்ப்பார்கள், ஓரத்தை விரலால் தட்டுவார்கள், உடைத்துச் சத்தம் கேட்பார்கள். வாயில் போடுகிற வழக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது. "நம்ம கடையில நாக்குக்கு வேலை இல்லை" என்பது ஒட்டடையின் நிரந்தர நக்கல்.

வருஷக் கடைசி விடுமுறை நெருங்கியபோது முதலாளி ஒரு யோசனையோடு வந்தார்.

"மாஸ்டர், இந்த சீசனுக்குப் புது ஐட்டம். சாக்லேட் பாரை உடைச்சு பிஸ்கட் மாவுல கலக்குறோம். ஜனங்க மொய்ச்சிருவாங்க."

"ஏற்கனவே ஈ மொய்க்குதே முதலாளி, அது பத்தலையா?"

"வாயைக் குறைங்க. என் மச்சான் குடோன்ல பெட்டி பெட்டியா கிடக்கு. நாளைக்கே வந்திரும்."

மறுநாள் பெட்டிகள் வந்தன. ஒட்டடை ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேல நீலமா ஏதோ தூள் கொட்டியிருக்கு மாஸ்டர்" என்றான்.

"துடைச்சிட்டுப் பிரிடா."

துடைத்துவிட்டுப் பிரித்தான். உறையை உரித்தால் சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்திருந்தது. தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கிறதே என்று மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். குளிரில் வைத்தால் அப்படித்தான், அடுப்புக்குள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் முதலாளி.

மாஸ்டர் கத்தியை எடுத்தார். மேலே சாக்லேட், உள்ளே கடலை, நடுவில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. அடுப்படிச் சூட்டில் பாகு இளகி, வெட்டுகிற இடமெல்லாம் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. சளி பிடித்த குழந்தையின் மூக்கு ஞாபகம் வந்தது அவருக்கு. விரலிடுக்கெல்லாம் வாத்துக்கால் மாதிரி சவ்வு கட்டியது. நகக்கண்ணில் புகுந்த கடலைத் துணுக்கை ஊசியால் நோண்ட வேண்டியிருந்தது. மேஜையிலிருந்து வழிந்த பாகில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் காலை மட்டும் விடுவித்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. "த்தூ! இதையும் ஒருத்தன் ஆசைப்பட்டு வாங்கித் தின்பானா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினார்.

ஆனால் கை நிற்கவில்லை. அதற்குக் காரணம் அவர் மகள்.

மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. புகுந்த வீடு படித்த வீடு. சம்பந்தியம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர்கள் இல்லை. ஆனால் யாராவது 'பொண்ணோட அப்பா என்ன பண்றார்' என்று கேட்டால், 'உணவுத் துறையில' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அது மகளுக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. "அப்பா, லீவுக்கு இங்க சொந்தக்காரங்க எல்லாம் கூடுறாங்க. நீங்க உங்க கையால செஞ்சதைக் கொண்டு வாங்க. எங்கப்பா பிஸ்கட் மாஸ்டர்னு அன்னைக்கு நானே சொல்லப்போறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அதனால் அந்த ஒரு டின்னுக்கு மட்டும் மாஸ்டர் தனிக் கவனம் எடுத்தார். ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். ஓரம் பொன்னிறம், நடுவில் சாக்லேட் கண் விழித்துப் பார்க்க வேண்டும். தட்டினார், உடைத்தார், காதில் வைத்தார். சத்தம் சுத்தம். மூக்கில் மட்டும் வழக்கம்போல வெண்ணிலாவைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை.

விருந்து நாளில் கூடம் நிறைய ஆட்கள். மகளே டின்னைத் திறந்தாள். "எங்கப்பா செஞ்சது. அவர் பேக்கரி மாஸ்டர்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னாள். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். கடித்தார்கள்.



சம்பந்தியம்மா மாடு அசை போடுவதுபோல் மெதுவாக மென்று, கண்ணை மூடி விழுங்கி, அவசரமாகத் தேநீரை எடுத்தார். மாப்பிள்ளை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பல்வலிக்காரனைப்போல் உட்கார்ந்திருந்தான். "நல்லா... வித்தியாசமா இருக்கு" என்றார் யாரோ. மகள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சட்டென்று இரண்டாவதை எடுத்துக் கடித்தாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா வம்புக்காரர். "என்ன சம்பந்தி, செஞ்சவர் கையில ஒண்ணையும் காணோமே? மருந்து கிருந்து வெச்சிருக்கீங்களா?"

"எனக்கு இனிப்பு ஒத்துக்காதுங்க."

"அட, பொண்ணு வீட்டுல ஒண்ணு தின்னா உசுரா போயிரும்?"

ஒரு பிஸ்கட் அவர் கையில் திணிக்கப்பட்டது. எல்லோரும் பார்த்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் கடித்தார். முதலில் சர்க்கரை வந்தது, அவர் எதிர்பார்த்த அருவருப்புதான். பின்னாலேயே சாக்லேட் துண்டு நாக்கில் கரைந்து வேறொன்று கிளம்பியது. அழுக்குத் துணி ஊறவைத்த வாளியில் வாயை வைத்து உறிஞ்சினால் எப்படியிருக்கும், அப்படி. பூ வாசம் போட்ட சோப்புத் தூள், அண்ணத்தில் படலமாய் ஒட்டியது. பெட்டிமேல் கிடந்த நீலத் தூள் எதுவென்று அவருக்கு இப்போது புரிந்தது. மச்சானின் குடோனில் சாக்லேட்டும் சோப்பு மூட்டையும் எத்தனை மாதம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தனவோ!

விழுங்கிவிடலாம். விழுங்கினால் மானம் தப்பும். இவர்கள் மரியாதைக்காரர்கள், செத்தாலும் சொல்ல மாட்டார்கள். மாஸ்டர் தொண்டையைத் தயார் செய்தார். அப்போது மகளின் கை மூன்றாவது பிஸ்கட்டுக்காக டின்னுக்குள் போயிற்று. அவள் கண்ணில் தண்ணீர் தேங்கியிருந்தது.

மாஸ்டர் தன் உள்ளங்கையிலேயே துப்பினார்.

"துப்பும்மா! எல்லாரும் துப்புங்க. வெக்கப்படாதீங்க. இது பிஸ்கட் இல்ல, சோப்பு!"

இதற்காகவே காத்திருந்ததுபோல் கூடமே எழுந்தது. மாப்பிள்ளை உப்பிய கன்னத்தோடு வாஷ்பேசினுக்கு ஓடினான். சித்தப்பா ஜன்னலோரப் பூந்தொட்டியில் குனிந்தார். கைக்குட்டைகள், காகிதங்கள், ஈரமாய் மென்ற பழுப்பு உருண்டைகள். 

"நான் ஒண்ணை முழுசா முழுங்கிட்டேன் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா, பரிதாபமாக.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே!"

சித்தப்பா தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "இனிமே ஏப்பம் விட்டா குமிழிதான் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

"நீங்க ருசி பாக்கலையாப்பா?"

"இல்லம்மா."

"சின்ன வயசுல எனக்குக் கடையிலருந்து செஞ்சு கொண்டாந்தீங்களே, அதெல்லாம்?"

"எதையும் பாத்ததில்ல."

சம்பந்தியம்மா வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்களால வாயில வைக்க முடியாததையா ஊருக்கெல்லாம் செஞ்சு போடுறீங்க?"

திட்டுவதுபோல் அவர் கேட்கவில்லை. வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார். மாஸ்டர் டின்னை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசல் வரை வந்த மகளிடம், "இனிமே எதையும் கொண்டாந்து உன் மானத்தை வாங்க மாட்டேன்" என்றார்.

"கொண்டு வாங்க. தின்னு பாத்துட்டுக் கொண்டு வாங்க" என்றாள் அவள்.

அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போய் நடந்ததைச் சொன்னார். முதலாளி கையை விரித்தார். "இத்தனை டின் போயிருக்கு மாஸ்டர், ஒருத்தர் கூட ஒண்ணும் சொல்லலையே."

"லீவுக்குப் பரிசா குடுக்கத்தானே டின் வாங்குறாங்க, பரிசா வந்ததை எவன் குறை சொல்லுவான்? நீங்க ஒண்ணு தின்னுங்க முதலாளி. முழுசா."

ஒட்டடையும் அக்காவும் பார்த்துக்கொண்டே நிற்க, முதலாளி கடித்தார். பாதி மெல்லும்போதே கண் பிதுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தவர், மிச்சப் பெட்டிகளைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. டின் வாங்கியவர்களுக்கெல்லாம் செய்தி போயிற்று. பாதிப் பேர், 'ஓ, அது சோப்பா!' என்று ஆறுதலாகச் சொன்னார்களாம்.

மாஸ்டர் இன்றும் அதே பேக்கரியில்தான் இருக்கிறார். ஒவ்வொரு முறை அடுப்பு திறக்கும்போதும் ஒரு பிஸ்கட்டை எடுத்து, முகத்தைச் சுளித்து, கடித்து, மென்று, விழுங்குகிறார். அருவருப்பு துளியும் குறையவில்லை. உப்பு டப்பாவை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்.