மூன்று நீள விசில்

என் அண்ணியை 'அவர்' என்றும் என் அண்ணனை 'அவன்' என்றும் எழுதப்போகிறேன். கை தவறி அல்ல, வேண்டுமென்றேதான். படித்து முடித்த பிறகு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நேராக என்னிடம் வரட்டும்.

அண்ணிக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பார். பிற்பகலில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரில் இருப்பவர்களைக் கண்கொட்டாமல் காவல் காப்பார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் 'விசில் டீச்சர்'. எப்போது கட்டிக்கொண்டாலும் அவர் தலைமுடியில் குளோரின் வாடை அடிக்கும். குளத்தை மூடிவிட்டு ஓரத் தரையைத் தேய்த்துக் கழுவும்போது கைபேசியில் ஒரே ஒரு பாடகியின் பாட்டுகளைப் போடுவார். அந்த உயரமான கூரையில் குரல் மோதித் திரும்பி வருமாம். "எனக்கு மட்டும் நடக்குற கச்சேரி" என்பார். ஒரு நாளில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

விசில் விஷயத்தில் மட்டும் அண்ணி கறார். ஒரு முறை ஊதினால், நின்று என்னைப் பார். இரண்டு முறை என்றால் தண்ணீரை விட்டு வெளியே வா. நீளமாக மூன்று முறை என்றால் ஓர் உயிர் ஆபத்தில் இருக்கிறது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. வேலையில் சேர்ந்ததிலிருந்து இந்த மூன்றாவதை ஒரே தடவைதான் ஊதியிருக்கிறார். ஆழமான பக்கத்தில் ஒரு சிறுமி அடியில் கிடந்தாள். மேலே கொண்டுவந்து போட்டு, அவள் தண்ணீரைக் கக்கி, அம்மா என்று அழுத பிறகுதான் அண்ணி அவள் கையை விட்டாராம். அதன் பிறகு விளையாட்டுக்குக்கூட யாரையும் அப்படி ஊத விட்டதில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். முதல் வகுப்புப் படிக்கும் பெரியவளும், இப்போதுதான் ஓடப் பழகிய சின்னவனும் மூன்று விசில் கேட்டால் வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொள்வார்கள்.

அண்ணன் கார் விற்கும் இடத்தில் விற்பனையாளன். வாயாலேயே வண்டி ஓட்டுகிறவன். நண்பர்களுக்கு அவன் ஜாலியான ஆள். வீட்டில் இப்படி ஒருவன் ஜாலியாக இருக்க, இன்னொருவர் எத்தனை வேலை செய்யவேண்டும் என்று அந்த நண்பர்கள் யாரும் யோசித்ததில்லை.

கூடாரம் போட்டுத் தங்கிப் பாட்டுக் கேட்கும் அந்த இசைவிழாவில் எனக்கு வேலை கிடைத்தது. வாசலில் வருகிறவர்களின் மணிக்கட்டில் பட்டை கட்டிவிடவேண்டும். குடும்பத்துக்கு இலவச அனுமதி உண்டு என்றார்கள். சொன்னதுமே அண்ணன் பெட்டி கட்டத் தயார். அண்ணிதான் தயங்கினார். "ரெண்டு பொடிசுங்களையும் வெச்சுக்கிட்டு சேத்துல என்ன பண்றது?" என்றார். பிறகு பாடுகிறவர்கள் யார் யார் என்று பார்த்தார். அவருடைய பாடகி இருந்தார். அதுதான் தன் கடைசி மேடை என்றும் அறிவித்திருந்தார். அண்ணி உடனே எனக்குப் போன் செய்தார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடப் பெண்ணின் குரல்.

அண்ணனிடம் என் எதிரிலேயே ஒப்பந்தம் பேசினார். "அவங்க பாடுற அந்த ஒரு மணி நேரம் மட்டும் பிள்ளைங்க உங்க பொறுப்பு. மத்தபடி மூணு நாளும் நானே பாத்துக்கறேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமா? நாள் பூரா வேணும்னாலும் போய்க் கேளு" என்றான் வள்ளல்.

முதல் நாள் இடம் பிடிக்கிறேன் என்று நண்பர்களோடு போனவன் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினான். கூடாரத்துக்கு முளை அடித்தது அண்ணி. பிள்ளைகளைக் கைவண்டியில் உட்காரவைத்து, சேற்றில் இழுத்துக்கொண்டு கழிப்பறை வரிசையில் நின்றது அண்ணி. பிள்ளைகள் காதில் சத்தத்தைத் தடுக்கும் பெரிய மூடிகளைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் ஓடினார்கள். துரத்திப் பிடித்ததும் அண்ணிதான். சாயங்காலம் அண்ணன் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினான். சுற்றி இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். "இப்படியில்ல இருக்கணும் அப்பான்னா!" என்று ஒரு அம்மாள் உருகினார். தோள் ஈரமானதும் பிள்ளை அம்மாவின் கைக்குத் திரும்பி வந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

மறுநாள் வெயில் இறங்கும் நேரம். அண்ணி பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி, இதற்கென்றே பத்திரமாக வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தார்.

"இங்க போன் எடுக்காது. உயிர் போற விஷயம்னா மட்டும் மூணு ஊதுங்க. டிஷ்யூ முன்பக்கப் பையில, மாத்துத் துணி அதுக்குப் பின்னால. சரியா?"

"சரி மேடம், கிளம்புங்க" என்று சல்யூட் அடித்தான்.

அன்றைக்கு நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அண்ணியுடன் போனேன். நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று பிற்பாடு சில உறவினர்கள் என்னைக் கேட்டார்கள். பெற்றவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எதற்கு?

மேடையில் அந்தப் பாடகியும் ஒரு கிதாரும்தான். புல்தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் மூச்சுக்காட்டவில்லை. அண்ணி முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். தரை கழுவும்போது திரும்பத் திரும்பப் போடும் பாட்டின் முதல் வரி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான்" என்றார்.

இரண்டாவது வரிக்குள் விசில் கேட்டது. நீளமாக, மூன்று முறை.

எனக்கு அது பத்தோடு பதினொன்றாகத்தான் கேட்டது. அண்ணி அதற்குள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார். ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு, கூடாரக் கயிறு தடுக்கி விழுந்து எழுந்து, ஒரு செருப்பு சேற்றில் போய், "குளம், கூடாரத்துக்குப் பின்னால ஒரு குளம் இருக்கு, குளம்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நானும் அவர் பின்னால் ஓடினேன்.

அண்ணன் கூடாரத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நண்பன். விசில் அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அட, எதுக்கு இப்படி ஓடி வர்ற? சின்னவன் ட்ரவுசர்லயே போயிட்டான். டிஷ்யூ எங்க வெச்ச?"

அண்ணி இரண்டு பிள்ளைகளின் தலையையும் தொட்டுப் பார்த்தார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது.

"உனக்கு அறிவிருக்கா அண்ணா? முன்பக்கப் பையிலன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"சும்மா கத்தாதே. போன் போகல, வேற எப்படிக் கூப்பிடறதாம்? பாரு, ஊதின உடனே ஆள் வந்தாச்சு!" என்று சிரித்தான். நண்பனும் சிரித்தான். அப்பா சிரித்ததைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தன. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது.

சின்னவனைக் கழுவித் துடைத்து உடை மாற்றிவிட்டு நாங்கள் திரும்பிப் போனபோது, மேடையில் ஆட்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரில் வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கடைசிப் பாட்டு கேட்டீங்களா? எங்க யாருக்கும் எழுந்து வரவே மனசில்ல" என்றார். "இல்லீங்க" என்றார் அண்ணி. அவ்வளவுதான். அவருக்கும் சேர்த்து நான்தான் பொருமினேன்.

மறுநாள் காலை எல்லோரும் மூட்டை கட்டினார்கள். சாமான் ஏற்ற வண்டிகளை மைதானத்துக்குள் விட்டிருந்தார்கள். அண்ணி படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விசில் மறுபடி அவர் கழுத்துக்கு வந்திருந்தது. சின்னவன் காலியாக நின்ற கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். அந்தப் பக்கம் ஒரு வேன் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

அண்ணி ஊதினார். நீளமாக, மூன்று முறை.

பெரியவள் விரிப்பிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. "அப்பாவுக்கு டிஷ்யூ வேணுமாம்மா?" என்று கேட்டாள். சின்னவன் திரும்பிப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தான். "டிஷ்யூ! டிஷ்யூ!" என்று கூவிக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினான்.

அண்ணி எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. சட்டையைப் பிடித்து இழுத்து, பிள்ளையோடு சேற்றில் விழுந்தார். கைவண்டி வேனுக்கு அடியில் போய் நொறுங்கியது. இறங்கி வந்த ஓட்டுநருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா பாக்கலம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பாதி மடித்த கூடாரத்தோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தான். "என்ன ஆச்சு?" என்றான். விசில் அவன் காதிலும் விழுந்திருந்தது. அவன் ஓடி வரவில்லை.

அண்ணி பிள்ளையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே பேசினார். குரல் உயரவில்லை. ஆனால் சுற்றி இருந்த கூடாரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாட்டு போச்சுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். போகட்டும், அது பாட்டுதான். ஆனா நீங்க என் பிள்ளைங்களுக்கு என்ன கத்துக்குடுத்திருக்கீங்க பாத்தீங்களா? உயிர் போகுதுன்னு நான் கூப்பிட்டா சிரிக்குதுங்க. இவங்களை இனிமே நான் எதை வெச்சுங்க கூப்பிடுவேன்?"

"எனக்கு இப்படி ஆகும்னு தெரியுமா? வேணும்னா பண்ணினேன்?" என்று ஆரம்பித்தான். விற்பனையாளன் அல்லவா, பூசி மெழுகப் பார்த்தான். அண்ணி எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணி கொல்லைப்புறத்தில் பிள்ளைகளோடு நின்றிருந்தார். கழுத்தில் வேறொரு விசில், சத்தமும் வேறு, கட்டைக் குரல். ஒன்றுக்கு நிற்பது, இரண்டுக்குத் திரும்புவது என்று முதலிலிருந்து பழக்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். அண்ணன் கொல்லைக் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"சத்தம் புதுசா இருக்கே. எனக்கும் சொல்லிக் குடேன், எத்தனை ஊதினா என்னன்னு" என்றான்.

"கேட்டதும் ஓடி வர்றவங்களுக்குத்தாங்க இது" என்றார் அண்ணி. பிறகு நீளமாக மூன்று முறை ஊதினார்.

பெரியவள் பந்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சின்னவன் விழுந்து எழுந்து ஓடினான். நான் கத்தியைப் போட்டுவிட்டு, அண்ணனை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவன் கதவில் சாய்ந்தபடியே நின்றான்.