உள்ளிருந்து திறக்காத கதவு

எங்கள் கோச்சடை வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு கார்க் கதவு சாய்ந்து நிற்கிறது. வெண்ணெய் நிறம். ஜன்னல் விளிம்பில் மட்டும் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரியும். அம்மாவின் முழங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். வருகிறவர்கள் எல்லாம் இதை ஏன் இன்னும் எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்காமல் போவதில்லை. முன்பு எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இப்போது, உங்கள் இடத்தையா அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுவிட்டுக் காபி போடப் போய்விடுகிறேன்.

அப்பா வைத்திருந்த பழைய ஹெரால்டு காரின் இடதுபக்கக் கதவு அது. அதன் உள்கைப்பிடி வேலை செய்யாது. எங்கே போனாலும் அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். அதுவரை அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கல்யாண மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டால் போதும், பெண்டாட்டிக்குக் கதவு திறந்துவிடுகிற துரையைப் பாருங்கள் என்று கேலியில் அப்பாவைப் பிய்த்துவிடுவார்கள். கைப்பிடி ரிப்பேர் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடப் போய்விடுவார். கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பித் தானே சுத்தம் செய்கிற மனிதர், அந்த ஒரு கைப்பிடியைக் கடைசிவரை தொடவில்லை. வீட்டில் நாங்களும் ஏன் என்று கேட்டதில்லை.

அப்பா போன மறுவருடம் அக்கா அவனியாபுரத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். பிறந்த வீட்டுச் சீராகக் குத்துவிளக்கு போனது, பழத்தட்டும் சீனித்தட்டும் போயின, எல்லாவற்றுக்கும் பின்னால் மாலை போட்டுக்கொண்டு ஹெரால்டும் போனது. இங்கே ஓட்ட ஆளில்லை, மாப்பிள்ளை கையில் இருந்தால் ஓடும் என்று அம்மாதான் முடிவு செய்தாள். அக்கா வீட்டுக்காரர், எனக்கு மச்சான், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். இரும்பைப் பார்த்தால் சோறு மறந்துவிடுகிற ஆள். அன்றைக்கு அவர் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்ததில் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை.

மச்சான் மனதில் வேறொரு கார் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளிநாட்டுப் படங்களில் வருமே, தரையோடு தரையாக, நீள மூக்கு வைத்து, மேலே கூரையில்லாமல், இரண்டே பேர் உட்காரும் பழைய ரேஸ் கார், அதேபோல் ஒன்று. ஹெரால்டுக்கு அடியில் சக்கரமும் இன்ஜினும் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம், சேஸிஸ், தனியாக உண்டு, மேலே இருக்கும் பாடியைச் சட்டையைப்போலக் கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம் என்று அக்காவிடம் விளக்கியிருக்கிறார். அவளும் தலையை ஆட்டியிருக்கிறாள். மகளுக்குச் சீராக வந்த பொருள், அவளைக் கேட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். முறைப்படி பார்த்தால் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் முறையைப் பார்த்தவர் அம்மாவைப் பார்க்கவில்லை.

பொங்கச்சீர் கொண்டுபோன அன்றுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. கொட்டகையில் நான்கு சக்கரமும் இன்ஜினும் ஸ்டியரிங்கும் மொட்டையாக நின்றன. பக்கத்தில் தெர்மாகோலைச் செதுக்கி, பிளாஸ்டர் பூசி, அதன்மேல் ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார் மச்சான். அந்த நெடியில் கண் எரிந்தது. பாடி எங்கே என்று அம்மா கேட்டாள்.

"அது பழைய இரும்புக்குப் போயிருச்சு அத்த. இன்ஜின் அப்படியே இருக்கு, ஸ்டியரிங் மாமா பிடிச்சதுதான். காருன்னா அதுதானே?"

அம்மா கரும்பைச் சுவரில் சாத்தினாள், பானையைக் கீழே வைத்தாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன். இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கப்போவதில்லை என்று ஆட்டோவில் சொன்னாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். அக்கா தினமும் போனில் அழுதாள். அம்மா இல்லாமல் அந்த வீட்டில் எந்த நல்லது நடந்து என்ன என்று கேட்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு மூன்று பேர்மீதும் எரிச்சலாக வந்தது.

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? வேலையை இன்னும் மும்முரமாகச் செய்தார். வண்டியை முடித்து அதில் அத்தையை உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனிதர் உண்மையாகவே நம்பினார். பஸ் ஸீட்டை வெட்டி இரண்டு இருக்கை, அம்பாசிடரிலிருந்து மீட்டர்கள், கோயில் குங்குமத்தைப்போல ஒரு சிவப்பு. ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கோச்சடைக்கே ஓட்டிவந்துவிட்டார்.

அன்று நான் அடுப்படியில் இருந்தேன். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. அப்பாவின் வண்டிச் சத்தம், அதே இருமலோடு. அம்மா அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போய் கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். எத்தனையோ வருடம் அப்படித் திறந்தவள். திறந்த பிறகுதான் எதிரே நிற்பது என்னவென்று பார்த்தாள். மச்சான் முகமெல்லாம் சிரிப்பாக, உட்காருங்கள் அத்தை என்றார். முட்டிவலிக்காரி அவ்வளவு தாழ்வில் எப்படி உட்காருவாள்? அவள் உட்காரவும் முயலவில்லை.

"சத்தம் இருக்கு. நா உக்காந்த பக்கத்துக் கதவு எங்க மாப்ள?"

மச்சான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்திருக்கிறார். கடைசியில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு டீக்கடையில், அடுப்புக்குச் சாரல் அடிக்காமல் மறைப்பாக நின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, கெஞ்சி வாங்கிவந்தார். துடைத்து, கறை போக்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து அம்மாவின் நாற்காலிக்கு எதிரே நிறுத்தினார். அம்மாவின் முகம் இளகியதை நான் பார்த்தேன். சரி, இனி அவனியாபுரம் போய்விடலாம் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. ஜன்னல் விளிம்பில் முழங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, பழக்கத்தில்தான், உள்கைப்பிடியை இழுத்தாள். டக்கென்று பூட்டு விலகியது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் டக்.

சின்ன ஸ்பிரிங்தான், மாமா ஏன் விட்டுவைத்தார் என்று தெரியவில்லை, நான் போட்டுவிட்டேன் என்று மச்சான் சந்தோஷமாகச் சொன்னார்.

"இத எதுக்கு மாப்ள சரி பண்ணீங்க?"

அம்மா கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் சுற்றி வந்து அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதை வாசலில் வைத்து நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுத் திண்டாடிப்போய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. யாருக்காகப் பாவப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அம்மா அவனியாபுரம் போகவே இல்லை. கதவைத் தூக்கிப்போடவும் விடவில்லை. அவளும் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த அன்று, பந்தி ஓய்ந்த நேரத்தில், மச்சான் ஸ்க்ரூ டிரைவரோடு மாடிப்படிக்கு அடியில் குனிந்திருந்தார். உள்தகட்டைக் கழற்றி, அந்த ஸ்பிரிங்கை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தகட்டைத் திரும்ப முடுக்கினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு வண்டி அவனியாபுரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. நான் வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது இந்தக் கதவையும் துடைக்கிறேன். உள்கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். திறக்காது. யாராவது சுற்றி வந்து வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும்.